நகக்கண் அளவு

செப்டம்பர் பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்று ஐம்பதுக்கு எனக்குப் பசித்தது.

செவ்வாய்க்கிழமைகளில் டாட்டியின் உணவகத்தில் மாவில் தோய்த்துப் பொரித்த மாட்டிறைச்சி கிடைக்கும். பன்னிரண்டேகாலுக்குத் தீர்ந்துவிடும். நீங்களும் அங்கேதான் சாப்பிடுகிறீர்கள் ஷெரிஃப், உங்களுக்குத் தெரியும். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆர்லின் ஸ்கோகன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. எங்களுக்கு முப்பது வருடப் பழக்கம். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவனுடைய துப்பாக்கி அப்போது என் பழுதுக்கடை மேசையில், வைஸ் இடுக்கியில் இருந்தது. பழைய குழல் தேய்ந்துவிட்டது, புதியது போடச் சொல்லியிருந்தான். குழலை உடம்போடு பிடித்துவைப்பது ஒரே ஒரு நட்டு. முறுக்குவிசை முப்பது அடி-பவுண்டுக்குக் குறையாமல், எண்பதைத் தாண்டாமல் அதை முறுக்க வேண்டும். நட்டின் விளிம்பில் பற்கள் இருக்கும். இரண்டு பற்களுக்கு நடுவிலுள்ள பள்ளம், வாயுக்குழாய் நுழையும் துளைக்கு நேராக வந்து நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அடுத்த பள்ளம் வரும்வரை முறுக்கிக்கொண்டே போக வேண்டும். பின்னால் திருப்பக் கூடாது; நட்டு தளர்ந்தால் குழல் ஆடும், குறி தப்பும். இந்த வேலைக்கு வந்த முதல் வாரத்தில் எல்லோரும் தெரிந்துகொள்வது இது.

முப்பத்தைந்தில் பள்ளம் துளையைத் தாண்டி நின்றது. நகக்கண் அளவுதான். அடுத்த பள்ளத்துக்குப் போக நீண்ட ஸ்பேனரை எடுக்க வேண்டும், வைஸை மறுபடி இறுக்க வேண்டும். மணியைப் பார்த்தேன். பின்னால் திருப்பினேன். குழாய் சுலபமாக நுழைந்தது. நட்டுக்கும் உடம்புக்கும் குறுக்கே வழக்கமான சிவப்புக் கோடு போட்டேன். முறுக்கி முடித்ததற்கு அது அடையாளம். மேலே உறையை மாட்டிவிட்டால் அந்தக் கோடும் தெரியாது. வேலை அட்டையில் முறுக்குவிசை அறுபது என்று எழுதினேன். எப்போதும் அறுபது என்றுதான் எழுதுவேன்.

டாட்டி கடைசித் தட்டை எடுத்து வைத்திருந்தாள்.

"உனக்காகத் தட்ட மறைச்சு வெக்க நான் என்ன உன் பொண்டாட்டியா ராய்ஸ்?"

"என் பொண்டாட்டி வெச்சதில்லயே."

"அதான் ஓடிட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாப்பிட்டுவிட்டுப் போய் நட்டைச் சரிசெய்யலாம் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. கடைக்குத் திரும்பினால் வாசலில் ஆர்லினின் வண்டி நின்றது.

"நல்லா முறுக்கினியா, இல்ல உன் பல்லு மாதிரி ஆடுமா?"

"எடுத்துட்டுப் போய்ச் சுட்டுப் பாரு."

சுட்டுப் பார்த்தான். அன்று அது தாங்கியது. குறிபார்க்கும் ஸ்கோப்பை அதற்கேற்பச் சரிசெய்துகொண்டு, குறி ஊசிமுனையாக இருக்கிறது என்று போன் செய்தான். அப்போது சொல்லியிருக்கலாம். எல்க் மான் வேட்டைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது, மேசையில் ஐந்து துப்பாக்கிகள் கிடந்தன. மேலும், நன்றாகச் சுடுகிறது என்று சொல்பவனிடம் அதைத் திருப்பிக் கொண்டுவா என்று எப்படிச் சொல்வது?

ஆறு வாரம் அது அவன் வண்டியில் கிடந்து சரளைக்கல் பாதைகளில் குலுங்கியது.

அக்டோபர் இருபத்தாறாம் தேதி நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. மகள் கென்ட்ரா எல்க்கை வீழ்த்திக் குடல் எடுத்துக்கொண்டிருந்தாள். ஆர்லின் இறைச்சி ஏற்றக் கோவேறு கழுதையைக் கொண்டுவரப் போயிருந்தான். ரத்த வாடைக்குக் கரடி வந்தது. அவன் திரும்பியபோது அது அவள் முதுகின் மேல் இருந்தது. அறுபது தப்படி தூரம். மூன்று முறை சுட்டான். முதல் குண்டு அவள் கழுத்தில் பட்டது. மூன்றாவதில் கரடி ஓடியது. கரடி கடித்த காயங்களோடு மட்டும் என்றால் அவள் பிழைத்திருப்பாள் என்று மருத்துவர் எழுதினார். அவளுக்கு இருபத்துநான்கு வயது.

திங்கட்கிழமை துப்பாக்கியை என்னிடம் கொண்டுவந்தது நீங்கள்தான். கவுண்டியில் துப்பாக்கி பார்க்க வேறு ஆள் இல்லை. "சும்மா ஒரு பார்வை பாத்துக் குடு ராய்ஸ், கோப்புக்கு வேணும்" என்றீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை.

நீங்கள் போன பிறகு உறையைக் கழற்றினேன். சிவப்புக் கோடு இரண்டாகப் பிரிந்திருந்தது. நட்டை விரலால் தொட்டேன். திரும்பியது.

அவசரப்பட்டு எதையும் செய்யவில்லை என்று சொல்லிக்கொள்ள விரும்புகிறேன். கென்ட்ரா போய்விட்டாள். நான் என்ன சொன்னாலும் அவள் வரப்போவதில்லை. சொன்னால் ஆர்லின் ஒரே மாதத்தில் மகளையும் இழப்பான், நண்பனையும் இழப்பான். அது அவனுக்குத் தாங்காது. தவிர, கை நடுங்கியும் இருக்கலாம். மகள் மேல் கரடி உட்கார்ந்திருக்கும்போது யார் கைதான் நடுங்காது? எது காரணம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

பழைய கோட்டைத் துடைத்தேன். நீண்ட ஸ்பேனரை எடுத்து முறுக்கினேன். எழுபதில் அடுத்த பள்ளம் துளைக்கு நேராக வந்து நின்றது. ஐந்து நிமிட வேலை. புதுக் கோடு போட்டேன். துப்பாக்கியில் குறையில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது என்றேனே, அது இதற்குப் பிறகுதான் உண்மையானது.

நவம்பரில் ஆர்லினின் மனைவி மார்வா மளிகைக்கடை வாசலில் என்னை நிறுத்தினாள்.

"மறைக்காத ராய்ஸ். துப்பாக்கில ஏதாச்சும் இருந்துச்சா?"

"இல்ல மார்வா. துப்பாக்கி சரியாத்தான் இருந்துச்சு."

"அப்ப அவருதான்" என்றாள். நான் அவளுக்காகக் கடைக் கதவைத் திறந்து பிடித்தேன். ஒரு வாரத்தில் பில்லிங்ஸிலுள்ள அக்கா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. ஆர்லினின் கை நடுங்கியது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு ஆர்லின் வியாழக்கிழமைகளில் கடைக்கு வர ஆரம்பித்தான். ஸ்டூலில் உட்காருவான். காப்பி கொடுப்பேன். அவனுக்குச் சமைக்க ஆள் இல்லை என்பதால் சில நாள் சூப்பும் வாங்கி வைப்பேன். வேறு யாரும் அவனோடு உட்காரவில்லை. என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கன்றுகளுக்குச் சூடு போடப் பக்கத்துப் பண்ணைக்காரனைக் கூப்பிட்டதாக ஒருநாள் சொன்னான். இரும்பைப் பிடிக்கத் தன் கையை நம்ப முடியவில்லையாம். மாடுகளை விற்றுவிடப் போகிறேன் என்று இன்னொரு நாள் சொன்னான்.

போன வியாழன் வலது கையை மேசைக்கு மேலே நீட்டினான்.

"நடுங்குதா, பாத்துச் சொல்லு."

பார்த்தேன். விளக்குக்கு நேரே நீட்டியிருந்தான். விரல்கள் மரத்தில் செதுக்கியது போல நின்றன.

"சும்மா சொல்லுடா. எனக்குத் தெரியணும். மார்வாகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியணும்."

"கொஞ்சம்" என்றேன்.

தலையாட்டினான். கையை மடக்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனான். அதை ஏன் சொன்னேன் என்று நீங்கள் கேட்பீர்கள். நடுங்கவில்லை என்று சொல்லியிருந்தால் அவன் அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பான். ஏதோ ஒரு பதில் இருந்தால் மனிதன் அதோடு வாழப் பழகிக்கொள்வான். நான் அவனுக்கு ஒரு பதில் கொடுத்தேன். அப்படித்தான் நான் அதைப் பார்த்தேன்.

பத்து நாள் முன்னால் நீங்கள் துப்பாக்கியை அவனிடம் திருப்பிக் கொடுத்தீர்கள். அவன் அதைச் சுடுவான் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்று காலை ஒன்பது மணிக்குக் கடைக்கு வந்தான். வியாழன் அல்ல, சனி. ஒரு குறித்தாளை மேசையில் விரித்தான். தன் கை எவ்வளவு மோசம் என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காக, பண்ணைக்குப் பின்னாலுள்ள சரளைக்குழியில் நின்றே சுட்டிருக்கிறான். அறுபது தப்படி. ஐந்து குண்டுகள். ஐந்தையும் ஒரு டாலர் நாணயத்தால் மூடிவிடலாம். ஆனால் அவை மையத்தில் இல்லை. நாலு விரற்கடை வலப்பக்கம் தள்ளி இருந்தன.

நட்டை இறுக்கும்போது குழல் தன் இடத்தை மாற்றிக்கொள்ளும். செப்டம்பரில் சரிசெய்த ஸ்கோப் அதன் பிறகு பொய் சொல்லும். அன்று என் யோசனையெல்லாம் கோட்டைப் பற்றியே இருந்தது. ஸ்கோப்பைப் பற்றி யோசிக்கவில்லை.

பால் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து உங்களிடம் வந்தேன். உங்களிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது. எழுதியதைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவனிடம் நீங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும். அவன் இன்னும் அந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்திருக்கிறான். நான் கிளம்பும்போது குறித்தாளை என் பக்கம் திருப்பி, ஐந்து துளைகளின் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தான். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள மட்டுமே கேட்டான்.

"ஸ்கோப்ப நான் தொடல, ஷெரிஃபும் தொடலங்கறாரு. நீ என்னத்தத் தொட்ட, ராய்ஸ்?"