பொறந்த வீட்டுக் கோடி

ஜீவிதா: காலையில யாராவது வந்தாங்களா, வரலையா? நான் கேட்டது அவ்வளவுதான். அதுக்கு எதுக்கு ஃபோன நோண்டற?

சாலமன்: வந்தாங்க. தண்ணி கேன் போடறவன் வந்தான். மால கட்றவன் வந்து ரோஜாவா சம்பங்கியான்னு கேட்டுட்டுப் போனான். போதுமா?

ஜீவிதா: பைக்குல?

சாலமன்: பம்மல்ல எல்லாரும் பைக்குலதான் வருவான். குதிர மேலயா வருவான்?

ஜீவிதா: உயரமா, கறுப்பா, ரெண்டு நாள் தாடியோட. அழுது அழுது கண்ணு வீங்கிப்போய் ஒருத்தர். வந்தாரா அண்ணா?

சாலமன்: யாரோ வூடு மாறி வந்துட்டான். அனுப்பிட்டேன். நீ மொதல்ல டிரஸ் மாத்து. கோயில் ஜூபிலி, ஆயர் வராரு, அம்மாவ மேடையில ஏத்திப் பொன்னாட போத்தப் போறாங்க. நீ இன்னாடான்னா கோவிலம்பாக்கத்துலேர்ந்து நைட்டிக்கு மேல துப்பட்டாவ சுத்திகினு வந்து நிக்கற.

ஜீவிதா: வீடு மாறி வந்தவர் பேரு மோகன்ராஜ். பொழிச்சலூர். நம்ம அம்மாவோட கூடப் பொறந்த தங்கச்சி புள்ள. உனக்கும் எனக்கும் தம்பி.

சாலமன்: மெதுவா பேசு. அம்மா உள்ள படுத்துகினு கீது.

ஜீவிதா: ஏன் மெதுவா பேசணும்? அம்மாவுக்குத் தங்கச்சி இருக்கறது அம்மாவுக்குத் தெரியாதா?

சாலமன்: கத்தாதன்னு சொன்னேன்.

ஜீவிதா: கேட்ல நின்னு அவர் கையெடுத்துக் கும்பிட்டிருக்கார். "அப்படி யாரும் இங்க இல்ல"ன்னு சொல்லி கேட்ட சாத்திட்டியாமே. தெருவுல நின்னு எனக்கு ஃபோன் பண்ணார். எனக்கு வெக்கமா போச்சு.

சாலமன்: ஒன் நம்பர் அவனுக்கு எப்பிடித் தெரியும்?

ஜீவிதா: நான்தான் குடுத்தேன்.

சாலமன்: ஓ... போய்ப் பாத்துட்டும் வந்துட்டியா. எத்தன நாளா நடக்குது இது?

ஜீவிதா: ஜூபிலி மலர்ல நம்ம அம்மாவப் பத்தி ஒரு பக்கம் எழுதுன்னு யாரு சொன்னது? நீதானே. "நீ டீச்சரு, நம்ம வம்சத்தத் தோண்டி எடுத்து நல்லா எழுது"ன்னு நீதானே தலையில கட்டின?

சாலமன்: எழுதத்தான் சொன்னேன். நெஜமாவே கடப்பாறையத் தூக்கிகினு போவேன்னு யாரு கண்டா?

ஜீவிதா: அம்மா ஊருன்னு நீ சொன்ன தூத்துக்குடிக்கு லீவு போட்டுட்டுப் போனேன். கோயில் கோயிலா ஏறி எறங்கினேன். அஞ்சு தலைமொற கத்தோலிக்கம், உபதேசியார் குடும்பம், ஞானம்மாள்னு சொல்லிச் சொல்லி வாயே வலிச்சுது. ஒருத்தருக்கும் தெரியல. கடைசியா கோயில் வாசல்ல மெழுகுவத்தி விக்கற அம்மா கேட்டாங்க, உங்கம்மா எப்படித் தாயி பேசுவாங்கன்னு. பேசிக் காட்டினேன்.

சாலமன்: இன்னான்னு?

ஜீவிதா: "இன்னாத்துக்கு இங்க குந்திகினு கீற, எந்திரிச்சு வூட்டுக்குப் போ"ன்னு. விழுந்து விழுந்து சிரிச்சாங்க. இந்தப் பேச்சு இந்த ஊருப் பக்கம் தலைவச்சே படுத்திருக்காது, மெட்ராஸ்லயே தேடுன்னாங்க. நடுரோட்ல முட்டாள் மாதிரி நின்னேன். நீ எழுதிக் குடுத்த பொய்ய நம்பிப் போனேன் பாரு, என்னச் சொல்லணும்.

சாலமன்: சின்ன வயசுலயே இங்க வந்துடுச்சு. பேச்சு மாறாதா?

ஜீவிதா: இன்னுமா? இன்னுமா அண்ணா இதையே சொல்லுவ? நான் அஞ்சம்மா பெரியம்மாவப் பாத்துட்டேன்.

சாலமன்: எந்த அஞ்சம்மா?

ஜீவிதா: தோல் கம்பெனில அம்மாகூட சுண்ணாம்புத் தொட்டியில நின்னவங்க. அப்பாவுக்கும் பழக்கமானவங்க. ஞானம்மாளப் பத்திச் சொல்லுங்கன்னேன். "எந்த ஞானம்மா? ஓ, நம்ம பொழிச்சலூர் அங்காளம்மாவா"ன்னாங்க.

சாலமன்: அந்தக் கெழவிக்கு வேற வேல இல்ல.

ஜீவிதா: அம்மாவோட பேரே எனக்கு இத்தன வயசுக்கு மேல ஊரான் வாயால தெரியுது. அங்காளம்மாள். அந்த வீட்ல நெலம் இருந்துச்சு, மாடு இருந்துச்சு. வௌச்சல் பொய்ச்சு வீடு கஷ்டப்பட்டப்ப கம்பெனிக்கு வந்துச்சு. அங்க தோல் ஊற வைக்கற நம்ம அப்பா சின்னப்பன் மேல ஆசப்பட்டு அவர் பின்னாடி வந்துடுச்சு. கோயில்ல தண்ணி ஊத்தி ஞானம்மாள்னு பேரு வச்சாங்க. இதுல என்ன அசிங்கம் இருக்கு சொல்லு. எதுக்கு மறைச்ச?

சாலமன்: ஒனக்கு இன்னா, மாசமானா கவர்மெண்ட் சம்பளம் வருது. ஸ்கூல்ல நின்னு பாடம் எடுத்துட்டுப் போய்டுவ. நான் இந்த ஊர்ல தோல் யூனிட் வச்சிகினு, இந்தக் கோயில்ல கமிட்டில நிக்கறேன். என் பொண்ணு சினேகாவப் பொண்ணு பாத்துட்டுப் போனாங்களே, அவங்க இன்னா மொதல்ல கேட்டாங்க தெரியுமா? "நீங்க பரம்பரக் கத்தோலிக்கமா, நடுவுல வந்தவங்களா?" இதான் மொத கேள்வி. பொண்ணு இன்னா படிச்சிருக்குன்றது அப்பறம்தான். அவங்களும் சாயந்திரம் வராங்க.

ஜீவிதா: அதுக்காக?

சாலமன்: அதுக்காகத்தான். அந்த நேரத்துல கேட்ல ஒருத்தன் நெத்தில பட்டையப் போட்டுகினு வந்து "எங்க பெரியம்மா எங்க"ன்னா நான் இன்னா பண்ணுவேன்?

ஜீவிதா: எதுக்கு வந்தார்னாவது கேட்டியா?

சாலமன்: சொன்னான்.

ஜீவிதா: தெரிஞ்சா அனுப்பின? உனக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா? பச்சையம்மா சித்தி விடிகாலைல போயிட்டாங்க. ஐஸ் பெட்டில வச்சிருக்காங்க. சொந்தம் பந்தம் எல்லாம் வந்தாச்சு, மேளக்காரன் வந்தாச்சு, பாடை கட்டியாச்சு. ஆனா தூக்க முடியல. பொறந்த வீட்டுக் கோடி வரல.

சாலமன்: நம்ம வேதத்துல இதெல்லாம் கெடையாது.

ஜீவிதா: யாருகிட்ட பேசற? நம்ம ரோஸி அத்த அடக்கத்துல பொறந்த வீட்டுச் சீலன்னு நீயே தானே தட்டுல வச்சித் தூக்கிகினு போன? சவப்பெட்டிக்குள்ள செபமாலைக்கு மேல அந்தப் பொடவயப் போத்தினது நீதானே? அன்னிக்கு வேதம் லீவுல போயிருந்துச்சா?

சாலமன்: அது நம்ம அத்த.

ஜீவிதா: இது நம்ம சித்தி. பொம்பள செத்தா பொறந்த வீட்டுப் பொடவ மேல விழாம எடுக்க மாட்டாங்க. அந்தப் பொறந்த வீட்ல இப்ப மிச்சம் இருக்கறது ஒரே ஒரு ஆளு. உள்ள படுத்திருக்கறவங்க. இருட்டினா எடுக்கக் கூடாதாம். அத்தன சனமும் பொணத்த வச்சிகிட்டு உன் கேட்டப் பாத்துட்டு உக்காந்திருக்கு.

சாலமன்: நீ போய்ப் போடேன். ஒனக்குத்தான் அவ்ளோ பாசம் பொங்குதே.

ஜீவிதா: போடறேன்னு சொன்னேன். மோகன்ராஜ் ஒத்துக்கல. அக்கா கைதான் வேணும், அவ வரலன்னா கோடியே இல்லாம என்னத் தூக்கிப் போட்டுடுங்கன்னு சித்தி சொல்லிட்டுப் போயிருக்காங்க.

சாலமன்: சாவறப்பவும் திமிரப் பாரு.

ஜீவிதா: திமிரா? நான் போனப்ப என் கையப் புடிச்சிகிட்டு விடவே இல்ல அந்தம்மா. அக்கா நல்லா நடக்கறாளா, பல்லு இருக்கான்னு கேட்டாங்க. "ஒருவாட்டி வந்து என்னத் திட்டிட்டுப் போகச் சொல்லும்மா"ன்னாங்க. எதுக்குத் திட்டணும்னு கேட்டேன், சொல்லல. கூட்டிட்டு வரேன்னு வாக்கு குடுத்துட்டு வந்தேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தள்ளிப் போட்டேன். இப்ப போயே சேந்துட்டாங்க. எல்லாம் உன் ஜூபிலியால.

சாலமன்: என் ஜூபிலியா?

ஜீவிதா: பின்ன? கமிட்டி, மேட, பொன்னாட, பொண்ணுக்கு வரன். இதுக்காக அம்மாவையே ஏமாத்தற. இப்பிடி ஒருத்தர் வந்தார்னு அம்மாகிட்ட சொன்னியா?

சாலமன்: ஜீவி, வுடு.

ஜீவிதா: சொன்னியா, சொல்லலையா?

சாலமன்: வுடுன்றேன் இல்ல. ஒனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாம வாய வுடாத.

ஜீவிதா: எனக்கு எல்லாம் தெரியும். நீ ஒரு கோழை. ஊருக்குப் பயந்து...

ஞானம்மாள்: அவன இன்னாத்துக்குடி திட்டற?

ஜீவிதா: அம்மா. நீ எந்திரிச்சிட்டியா...

ஞானம்மாள்: நீ போடற கூச்சல்ல பல்லாவரமே எந்திரிச்சிருக்கும். அவன வுடு. அந்தப் புள்ளாண்டான தொரத்தச் சொன்னது நானு.

ஜீவிதா: என்னம்மா சொல்ற?

ஞானம்மாள்: கேட்டாண்ட வந்து நின்னப்பவே ஜன்னல் வழியா பாத்தேன். எங்கப்பன் மூக்கு அப்பிடியே அவனுக்கு. யாருன்னு தெரிஞ்சிபோச்சு. இல்லன்னு சொல்லி அனுப்புடான்னேன். என் புள்ள நான் சொன்னத செஞ்சான்.

ஜீவிதா: அண்ணா?

சாலமன்: இன்னா அண்ணா? கோழன்னு சொன்ன இல்ல, சொல்லிகினே இரு.

ஜீவிதா: அம்மா, அந்தத் தூத்துக்குடி...

ஞானம்மாள்: அதுவும் நாந்தான். கோயில்ல சேந்த புதுசுல ஒவ்வொருத்தியும் எந்த ஊரு, எந்த ஊருன்னு கொடஞ்சா. புதுசா வந்தவன்னா கடசி பெஞ்சுல குந்த வைப்பா. ஆஸ்பத்திரில இருந்த கன்னியாஸ்திரி அம்மாவுக்குத் தூத்துக்குடி. எனக்குத் தெரிஞ்ச வேதக்கார ஊரு அது ஒண்ணுதான். அதையே சொல்லிட்டேன். பொழிச்சலூர்னு எப்பிடிச் சொல்றது? அந்த ஊர்ல நான் செத்துட்டேனே.

ஜீவிதா: செத்தது நீ இல்லமா. உன் தங்கச்சி.

ஞானம்மாள்: அவ இன்னிக்கு செத்தா. நான் எப்பவோ செத்துட்டேன். உங்கப்பன்கூட வந்த மூணாம் நாளு எனக்குச் சாவு எடுத்தாங்க தெரியுமா?

ஜீவிதா: சாவா?

ஞானம்மாள்: தோல் ஊற வைக்கறவன் பின்னாடி போனவ எங்களுக்குப் பொணம்னு சொல்லிட்டான் எங்கப்பன். சும்மா வாய் வார்த்தைக்கு இல்ல. பாட கட்டி, அதுல என் தாவணியப் படுக்க வச்சி, மேளம் அடிச்சிகினு தூக்கினாங்க. எங்க சுடுகாடு அந்தப் பக்கம் ஆத்தங்கரைல கீது. ஆத்துக்கு நேரா போவாம, வேணும்னே பம்மல் சுத்திகினு கம்பெனி வாசல் வழியா வந்தாங்க. நான் சுண்ணாம்புக் கையோட வெளிய வந்து நின்னு என் சாவ நானே பாத்தேன். என்கூட வேல செய்றவங்க எல்லாம் பாத்தாங்க. உங்கப்பன் என் கண்ணப் பொத்தினான். நான் அவன் கையத் தட்டி வுட்டுட்டேன்.

ஜீவிதா: இத ஏம்மா எங்ககிட்ட சொல்லல...

சாலமன்: என்கிட்ட சொன்னுச்சு. அப்பா செத்த அன்னிக்கு. யாராண்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிச்சு. இப்ப புரியுதா நான் ஏன் வாயத் தொறக்கலன்னு?

ஞானம்மாள்: எனக்கு மொதப் புள்ள பொறந்து செத்துச்சு. ஒருத்தி எட்டிப் பாக்கல. உங்கப்பன் போனான். ஒருத்தி வரல. நடந்து வர்ற தூரத்துல கீற வூடு. இப்ப கோடி வேணுமாமே, கோடி. செத்தவ எழுந்து வந்து பொடவ போத்தணுமாமே.

ஜீவிதா: சரிமா. உங்கப்பா பண்ணது மகா பாவம். நான் இல்லன்னு சொல்லல. ஆனா சித்தி அப்ப பாவாட கட்டின சின்னப் பொண்ணு. பெரியவங்க பண்ணதுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க?

ஞானம்மாள்: சின்னப் பொண்ணா.

சாலமன்: ஜீவி, போதும். அம்மா வராது. அழ வைக்காத. நான் கோயிலுக்குக் கெளம்பறேன், நீயும் கெளம்பு.

ஞானம்மாள்: ஐஸ் பெட்டின்னியே. மூஞ்சி தெரியுதாடி அதுல?

ஜீவிதா: தெரியும்மா. மேல கண்ணாடி இருக்கும்.

ஞானம்மாள்: வாயக் கட்டிட்டாங்களா?

ஜீவிதா: கட்டியிருப்பாங்க.

ஞானம்மாள்: பேச முடியாது அப்ப. நல்லது. சாலமா, அந்த பீரோவத் தொற. கோயிலுக்கு கட்றதுக்கு வாங்கின பட்டு பிரிக்காம கீது பாரு, எடு.

சாலமன்: எதுக்கும்மா? அது மேடைக்கு...

ஞானம்மாள்: எடுடா.

சாலமன்: ஆயர் வராரும்மா. சம்பந்தி வூட்டுக்காரங்க வராங்க. நான் இன்னா சொல்லட்டும் அவங்களுக்கு?

ஞானம்மாள்: தங்கச்சி சாவுக்குப் போயிருக்கான்னு சொல்லு. பொழிச்சலூர்னு சேத்து சொல்லு.

ஜீவிதா: அம்மா... அப்ப சித்திய மன்னிச்சிட்டியா?

ஞானம்மாள்: மன்னிக்கறதா? எங்க வூட்ல ஆம்பளப் புள்ள கெடையாதுடி. அன்னிக்கு எனக்குக் கொள்ளிக் குடத்தத் தோள்ல தூக்கிகினு, கம்பெனி வாசல்ல நின்னு, உயிரோட நிக்கற என் மூஞ்சியப் பாத்துகினே அதப் போட்டு ஒடச்சவ பச்சதான். அவ ஒடச்ச குடத்துல செத்தவளே இப்ப அவளுக்குக் கோடி எடுத்துகினு வரா. அந்தத் தெருவே நின்னு பாக்கட்டும். வண்டிய எடு.