மூலையில் அரை மில்லிமீட்டர்

பெயர்ப்பலகையில் எழுத்து ஒரு பக்கம் ஒல்லியாகவும் மறுபக்கம் குண்டாகவும் விழுந்தால், எல்லோரும் முதலில் கம்ப்யூட்டரைத்தான் திட்டுவார்கள். பாவம் அது. செதுக்கும் மெஷினின் கூர்முனை மரத்தில் எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ, அவ்வளவு அகலமாக எழுத்து வரும். மரத்தைத் தாங்கும் அடிப்பலகை ஒரு மூலையில் அரை மில்லிமீட்டர் தூக்கியிருந்தால் போதும். அந்தப் பக்கத்து எழுத்தெல்லாம் கல்யாண வீட்டில் பத்து நாள் தின்ற மாதிரி ஊதிவிடும்.

வேம்புலி அண்ணன் ஆவடித் தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருஷம் பிட்டர். ரிட்டயர் ஆனதும், கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரம் செதுக்கும் சின்ன சிஎன்சி மெஷின் ஒன்று வாங்கி, நெமிலிச்சேரி வீட்டு மாடியில் பொழுதுபோக்காகப் பெயர்ப்பலகை செதுக்கினார். சென்னீர்குப்பத்தில் நானும் அதே வேலைதான். போன வருஷம் நான் செதுக்கிய பலகை ஒன்றை பலகை செதுக்குகிறவர்களின் வாட்ஸாப் குழுவில் போட்டேன். உடனே அவரிடமிருந்து குரல் பதிவு வந்தது.

"இன்னா இளங்கோ, உன் 'ழ'வுக்கு யானைக்கால் வந்துகீதே. டாக்டராண்ட காட்டினியா?"

நூற்றிருபது பேர் சிரித்தார்கள். அன்றிலிருந்து குழுவில் என் பெயரே யானைக்கால்தான். எனக்குக் கோபமெல்லாம் இல்லை. வயிறு மட்டும் எட்டு மாதம் எரிந்தது.

ஆயுதபூஜைக்கு அவர் வீட்டுக்குப் போகும்போது திருவேற்காட்டுக் குங்குமப் பொட்டலம் ஒன்றை எடுத்துப்போனேன். மெஷினுக்குக் கண் பட்டுவிடக் கூடாது என்று சொல்லி, அவர் கண்ணெதிரிலேயே அடிப்பலகையின் ஒரு மூலைக்கடியில் செருகி போல்ட்டை முறுக்கினேன். கண்ணம்மா அண்ணி கற்பூரம் காட்டினார். பூஜையில் வைத்ததை அடுத்த ஆயுதபூஜை வரை அசைக்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். அது எனக்குத் தெரியும்.

மறுவாரமே எழுத்து ஊத ஆரம்பித்தது. கோளாறு பார்க்க என்னைத்தான் கூப்பிட்டார். முனையை மாற்றினேன், பெல்ட்டை இறுக்கினேன், மோட்டாரைக்கூடத் துடைத்துக் கொடுத்தேன். பொட்டலத்தை மட்டும் தொடவில்லை, சாமி விஷயம். கடைசியில் மிச்சமிருந்தது அவர் கைதான். முனைக்கடியில் ஒரு காகிதத்தை வைத்து, விரலால் இழுத்துப் பார்த்துத்தான் அவர் ஆழத்தை அமைப்பார். வயசானால் விரல் மரத்துப்போகும் அண்ணே என்று அன்பாகத்தான் சொன்னேன்.

நம்பிவிட்டார். நரம்பு டாக்டர் ஒன்றுமில்லை என்றார். அவரை நம்பவில்லை, என்னை நம்பினார். ஸ்கூட்டரை விற்றார். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தார். கொஞ்ச நாளில் கை நிஜமாகவே நடுங்க ஆரம்பித்தது. அதற்கு நான் பொறுப்பில்லை. நான் வைத்தது அரை மில்லிமீட்டர்தான்.

போன ஞாயிறு அவர் மகள் வயிற்றுப் பேத்திக்குக் காதுகுத்து. அவருக்கு மகன் இல்லை. அதனால் தாய்மாமன் இடத்தில் தாத்தாவே குழந்தையை மடியில் வைத்துத் தலையைப் பிடிக்க வேண்டும். உட்கார்ந்தார், தன் கையைப் பார்த்தார், எழுந்துவிட்டார். அத்தனை சொந்தக்காரர்கள் நடுவில் அழுதார்.

"என் கை ஒதவாதுபா. நீ புடி இளங்கோ. கொழந்த காது கீஞ்சிடப்போவுது."

பிடித்தேன். ஆசாரி இரண்டு காதும் குத்தினார், துளி பிசகவில்லை. அண்ணி என் கன்னத்தை வழித்து, இந்தப் பிள்ளை மட்டும் இல்லையென்றால் எங்கள் கதி என்ன என்றார். எல்லாவற்றையும் அன்றைக்குச் சொல்லிவிடத்தான் போயிருந்தேன், சத்தியமாக. ஆனால் ஒரு குடும்பம் ஒருத்தனை இவ்வளவு நம்பும்போது, அந்த நம்பிக்கையை உடைப்பது பெரிய பாவம். அதை மட்டும் நான் செய்ய மாட்டேன்.