அவள் சொல்லாத சமையலறை

ஈரலை இரண்டு நிமிடத்துக்கு மேல் அடுப்பில் வைத்தால் ரப்பராகிவிடும். பெய்லானின் ரயிலுக்கு நாற்பது நிமிடம்தான் இருந்தது. மிளகாயை அள்ளிப் போட்டுக் கடாயை உலுக்கினேன். அவள் ஒரு காலில் மட்டும் ஷூவோடு வாசலில் நொண்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, விடு. ரயில் போயிடும்."

"வெறும் வயித்தோட அனுப்புவேனா? உக்காரு."

"நீ?"

"எடை குறைக்கணும். ஒன்றரை கிலோ ஏறிக் கிடக்கு."

"குண்டம்மா" என்று சிரித்தபடி உட்கார்ந்தாள். "நீ மோந்து பாத்துக்கோ. நான் தின்னுக்கறேன்."

தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

ஐயா, நீங்கள் நிதானமாக விசாரிக்கிறீர்கள். நானும் நிதானமாகவே சொல்கிறேன். நாங்கள் இருவரும் ஐம்பத்தொன்பது கிலோப் பிரிவில் பளு தூக்குகிறவர்கள். நான் ஹுனான் மாகாண அணி, அவள் புஜியான் அணி. ஒலிம்பிக்குக்கு அந்தப் பிரிவில் சீனாவிலிருந்து ஒருத்திதான் போகமுடியும். மேடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டோம். பாம்பும் கீரியும் என்று பத்திரிகைகள் எழுதின. சாங்ஷா நகரில் இருக்கும் என் வீட்டின் சாவி ஒன்று மூன்று வருடமாக அவள் பையில் கிடந்தது யாருக்கும் தெரியாது.

வெளியில் கறி சாப்பிடக்கூடாது என்பது எங்கள் முதல் பாடம். கொழுப்பு சேராமலிருக்கப் பன்றித் தீவனத்தில் சிலர் திருட்டுத்தனமாக ஒரு பொடி கலக்கிறார்கள். அது எங்கள் சிறுநீரில் தென்பட்டால் ஊக்கமருந்துதான். அதனால் பயிற்சி முகாம்களே சொந்தமாகப் பன்றி வளர்க்கின்றன. பெய்லான் தன்னைப் பெற்ற தாய் வீட்டில்கூடக் கறியைத் தொடமாட்டாள். புத்தாண்டு விருந்திலும் முட்டையும் முட்டைக்கோஸும்தான். என்னோடு படுக்கையைப் பகிர்ந்தது பெரிய விஷயமில்லை, ஐயா. என் கையால் பன்றிக்கறி தின்றாளே, அதுதான் காதல். எங்கள் முகாம் கறி என்று சொல்லித்தான் எப்போதும் சமைப்பேன். மற்ற நாட்களில் அது உண்மை.

அன்றைய ஈரல் என் மாமாவின் பண்ணையிலிருந்து வந்தது. பொடி ஈரலில்தான் அதிகம் தங்கும். பொடி கலந்த தீவனம் போடும் கொட்டிலின் பன்றிதான் வேண்டும் என்று குறிப்பாகக் கேட்டிருந்தேன். பண்ணையைச் சோதனை போட்டபோது மாமாவின் போனில் நீங்கள் பார்த்த செய்தி அதுதான்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் அவளுடைய முகாமுக்குச் சிறுநீர் எடுக்க ஆட்கள் போனார்கள். பெயர் சொல்லாமல் தகவல் கொடுத்த அந்தப் பெண் குரல் என்னுடையது.

விசாரணையில் அவளிடம் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி. கறியை எங்கே சாப்பிட்டாய்? சொல்லியிருந்தால் தடை குறைந்திருக்கும், நீங்கியும் போயிருக்கலாம். ஆனால் இடத்தைச் சொன்னால் சாவியைப் பற்றியும் சொல்லவேண்டும், என் பெயர் நாறும். "ஞாபகம் இல்லை" என்று ஏழு முறை சொன்னாளாம். நான்கு வருடத் தடை.

சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரியும். தெரியாவிட்டால் அந்தக் கடாயை அடுப்பில் ஏற்றியிருக்கவே மாட்டேன்.

தீர்ப்பு வந்ததும் எனக்குத்தான் முதலில் போன் செய்தாள்.

"உன் பேரு எங்கயும் வரல. பயப்படாத."

"ம்."

"அது உங்க முகாம் கறிதானே அக்கா?"

"என்ன, சந்தேகமா?"

"ச்சீ. உன்னப் போயா? ரயில்ல வாங்கின பன்னுலதான் என்னமோ இருந்திருக்கு."

அவள் முகாமில் கட்டிலைக் காலி செய்யச் சொன்னார்கள். அவள் அப்பா கதவைத் திறக்கவில்லை. என்னிடம் வந்துவிட்டாள்.

ஒலிம்பிக் இடத்துக்காகச் செய்தேன் என்று கோப்பில் எழுதியிருக்கிறீர்கள். அடுத்து வந்த தேர்வுப் போட்டியில் என் தோள் கிழிந்து, அந்த இடம் மூன்றாவது ஒருத்திக்குப் போனது. "பாவம், அதுவும் கிடைக்கலையே" என்று உங்கள் உதவியாளர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. திருத்திக்கொள்ளுங்கள். தோள் அந்தப் போட்டியில் கிழியவில்லை. ஈரல் சமைத்ததற்குப் பதினொரு நாள் முன்பே கிழிந்துவிட்டது. இனி தூக்கவே முடியாது என்று ஸ்கேன் படம் பார்த்த மருத்துவர் சொல்லிவிட்டார். என் விலகல் கடிதம், தேதியோடு, பயிற்சியாளரின் மேஜைக்குள் இருக்கிறது. தேர்வு மேடையில் நான் செய்தது நடிப்பு.

அந்த இடம் எப்படியும் பெய்லானுக்குத்தான். கிடைத்திருந்தால் தேசிய முகாமுக்குப் போயிருப்பாள். "பதினெட்டு மாசம்தானே அக்கா, கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள ஓடிடும்" என்றாள். அவ்வளவு லேசாகச் சொன்னாள்.

இப்போது எங்கும் போவதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். நான் ஊட்டினால் சாப்பிடுகிறாள். தலைக்கு ஊற்றிவிடுவதும் நான்தான். "எல்லாரும் போயிட்டாங்க, நீ ஒருத்திதான் இருக்க" என்கிறாள்.

காட்டுகிற இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுகிறேன், ஐயா. அவளிடம் மட்டும் சொல்லாதீர்கள். தெரிந்தால், நம்புவதற்கு இந்த உலகத்தில் அவளுக்கு ஓர் ஆள்கூட மிஞ்சமாட்டார். அப்படியொரு கொடுமையை அவளுக்குச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.