அழித்துவிட்ட கடிதம்

நிலாவெளி பஸ்ஸைச் சோதனைச்சாவடியில் நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள்.

“இவர் கட்டாரிலயிருந்து அனுப்பின ஈமெயிலை வாசிக்காமலே அழிச்சுப்போட்டன், அக்கா,” என்றாள் இளையவள்.

“ஏன் பிள்ளை?”

“தெரியாத விலாசம். மேல ‘மை டார்லிங்’ எண்டு கிடந்தது. லொத்தர்ச் சீட்டில காசு விழுந்தது, காதலிக்கிறன் எண்டு குப்பைக் கடிதங்கள் எவ்வளவு தடுத்தாலும் வருது. இதுவும் அப்பிடியெண்டு நினைச்சன். கலியாணம் கட்டினதிலயிருந்து இவர் என்னை ஒருநாளும் அப்பிடிக் கூப்பிட்டதில்லை.”

“பிறகு எப்பிடித் தெரிஞ்சது?”

“நேற்று போன் எடுத்தவர். சிநேகிதன்ர விலாசத்திலயிருந்து எழுதினனான், வாசிச்சனீரோ எண்டு கேட்டார். ஓம் எண்டிட்டன்.”

“திரும்ப அனுப்பச் சொல்லுமன்.”

வரிசை நகர்ந்தது. அவள் அடையாள அட்டையைக் கையில் எடுத்தாள்.

“கேக்க வெக்கமாக் கிடக்கு, அக்கா. குசினிக்குள்ள சமைச்சுக்கொண்டு நிண்டாலும் என்ன எழுதியிருப்பார் எண்டுதான் யோசனை.”