தலைதெறிக்க ஓடிய மாப்பிள்ளை

ஒட்டுக் கேட்கும் சுகத்தில், இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டு கொழும்பு கிராண்ட்பாஸ் வரை டிராமில் போன மடையன் நான். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த புதிது. அந்த டிராம்களும் இப்போது இல்லை, அவற்றில் உரக்கக் கதைத்த சனமும் இல்லை. முன் ஆசனத்தில் ஒரு பெண். பக்கத்தில், அவள் தம்பிக்கு நற்சான்றுக் கடிதம் எழுதிக்கொடுத்த வாத்தியார்.

“மாஸ்டர், ஜப்பான்காரன் குண்டு போட்ட அண்டைக்கு என்ர தம்பி ‘தலைதெறிக்க’ ஓடினவன் எண்டு எழுதியிருக்கிறியள். இதைப் பொம்பிளை வீட்டுக்கு அனுப்பினால் கலியாணம் நடக்குமே?”

“ஓடினவர்தானே, பிள்ளை?”

“‘விரைவாக’ எண்டு போடுங்கோவன்.”

“விரைவாக ஓடுறவனுக்குப் போற இடம் தெரியும். இவர் குண்டு விழுற துறைமுகப் பக்கமெல்லோ ஓடினவர்!”

“நீங்கள் கண்டனீங்களோ?”

“அவரைப் பிடிச்சு இழுக்கப் பின்னால ஓடினது நான்தானே.”

“அப்ப அதையும் எழுதுங்கோ!”

“எனக்கு ஆர் இப்ப பொம்பிளை பார்க்கினம்?”

அவள் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்தாள். வாத்தியார் பேனாவை எடுத்து அந்தச் சொல்லை வெட்டி, ‘விரைவாக’ என்று எழுதினார்.

வீட்டுக்கு வந்து மனைவிக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

“எங்கட அப்பாவுக்கு உங்களைப் பற்றி ஒருத்தரும் கடிதம் எழுதேல்லையே” என்றாள்.