இலுப்பைக்கடவைப் பட்டியல்

தொலைபேசியில் நான் யாரிடமும் எரிந்து விழுந்ததில்லை. வேண்டுமென்றால் நான் வேலை பார்த்த மன்னார்க் கந்தோரில் கேட்டுப் பாருங்கள். ஒரே கேள்வியைப் பத்துத் தரம் கேட்டாலும் பத்துத் தரமும் பொறுமையாகப் பதில் சொல்லுவேன். சிவசுப்பிரமணியம் மாமாவுக்கும் அப்படித்தான் சொன்னேன்.

நீங்கள் விசாரிக்கிற இணையப் பக்கத்தை 2015இல் கட்டியது நான்தான். மீள்குடியேற்ற வீட்டுத் திட்டத்துக்கானது. மேலே அடம்பன், இலுப்பைக்கடவை, பேசாலை என்று மூன்று தாவல்கள். ஊரின் பெயரைத் தொட்டால் கீழே உள்ள கட்டத்தில் அந்த ஊர்க் காணிச் சொந்தக்காரரின் பட்டியல் திறக்கும். தன் பெயருக்கு நேரே உள்ள பொத்தானை முப்பது நாளுக்குள் அழுத்தியவருக்குக் காணி உறுதி. அழுத்தாவிட்டால் குடியிருக்கிறவர்களுக்கே காணியும் வீடும். ஊரில் இருந்தவர்களுக்குப் பட்டியலை அச்சடித்து ஒட்டினோம். இந்திய முகாம்களில் இருந்தவர்களுக்கு இந்தப் பக்கம் மட்டும்தான்.

மாமா மண்டபம் முகாமில் இருந்தார். சொந்த மாமா இல்லை, இலுப்பைக்கடவையில் பழைய அயலவர். 2006இல் பேசாலைக் கரையில் படகேறிப் போனவர். 2010இல் எங்களைச் செட்டிகுளம் முகாமிலிருந்து விட்டபோது அம்மாவுக்கும் எனக்கும் போக இடமில்லை. "எங்கட வளவிலை இருங்கோ பிள்ளை, நாங்கள் வரும்வரைக்கும்" என்று அவர்தான் தொலைபேசியில் சொன்னார். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவர் கொடுத்தது வாய்ச்சொல். பற்றை வெட்டியதும், தூர்ந்த கிணற்றை இறைத்ததும், கூரைக்குத் தறப்பாள் கட்டி ஐந்து மாரி கழித்ததும் அம்மா. அந்த ஐந்து வருடத்துக்கு இந்தப் பக்கத்தில் ஒரு கட்டம் போடச் சொல்லி எவரும் என்னிடம் கேட்கவில்லை.

முதல் வாரமே மாமா அழைத்தார்.

"பிள்ளை, அடம்பன் வருது, பேசாலை வருது. எங்கட ஊரைத் தொட்டால் வெள்ளையாக் கிடக்குது."

கோளாறு சின்னது. நிரலில் அடம்பன் பட்டியலை மூடும் குறி, இலுப்பைக்கடவைப் பட்டியலுக்கும் கீழே போயிருந்தது. அதனால் இலுப்பைக்கடவை அடம்பனுக்குள் அடங்கிவிட்டது. வேறு ஊரைத் தொட்டதும் அடம்பன் மறையும், உள்ளே இருந்த அதுவும் சேர்ந்து மறையும். ஒரு வரியை மேலே ஏற்றினால் சரி.

"பக்கத்தைத் திருப்பித் திறந்து பாருங்கோ மாமா" என்றேன். அடுத்த முறை, கணினியைப் பூட்டித் திறக்கச் சொன்னேன். அதற்கடுத்த முறை, வேறு இணையக் கடையில் போய்ப் பார்க்கச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அவர் முகாம் வாசலில் கையெழுத்து வைத்து, பஸ் ஏறி இராமநாதபுரம் போகவேண்டும். நான் சொல்வதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போவார்.

ஐந்தாம் முறை அவருடைய குரல் தளர்ந்திருந்தது. "மாமி சுபத்திராவுக்கு ஏலாமல் கிடக்கு பிள்ளை. ஊரிலை கண் மூடவேணும் எண்டு நிக்கிறா."

"கவலைப்படாதேங்கோ மாமா. நான் பாக்கிறன்."

பார்த்தேன். தினமும் காலையில் பக்கத்தைத் திறந்து, அந்தக் கட்டம் வெள்ளையாகவே இருக்கிறதா என்று பார்த்தேன்.

எங்கள் பொறுப்பாளர் அன்ரனி சேர் ஒருநாள் கேட்டார். "துசாந்தினி, இலுப்பைக்கடவை திறக்குதோ?"

"ஓம் சேர், வடிவாத் திறக்குது" என்று என் கணினியில் காட்டினேன். அதில் பழுதில்லாத பிரதி இருந்தது.

முப்பத்தோராம் நாள் குறியை மேலே ஏற்றினேன். மத்தியானம் மாமா அழைத்தார்.

"இப்ப தெரியுது பிள்ளை. எங்கட வளவுக்கு நேரை உன்ரை அம்மாவின்ரை பெயர் கிடக்கு. பொத்தானைக் காணேல்லை."

"நாள் முடிஞ்சுது மாமா."

அதற்கு அவர், "நீயும் எங்களுக்காக எவ்வளவு பாடுபட்டனி. நன்றி பிள்ளை" என்றார். அடுத்த மாதம் சுபத்திரா மாமி மண்டபத்திலேயே செத்துப்போனா. அதே பட்டியலில் இந்தியாவில் இருந்த இன்னும் பத்துக் குடும்பங்களும் காணியை இழந்தன என்கிறீர்கள். இருக்கலாம். அவர்கள் யாரும் எனக்கு அழைப்பு எடுக்கவில்லை.

பக்கம் வெளியான காலையில் இலுப்பைக்கடவை ஒழுங்காகத்தான் திறந்தது. மாமாவின் பெயரைப் பார்த்தபிறகு அந்தக் குறியை வெட்டிக் கீழே வைத்தது நான். எழுதிக்கொள்ளுங்கள். மாமா எனக்கு நன்றி சொன்னதையும் மறக்காமல் எழுதுங்கள். கெடுதல் செய்தவளுக்கு யாராவது நன்றி சொல்லுவார்களா?