லிசார்தோவைப் பிடித்துக் கொடுத்த கதை

— அன்னிக்கு யார் யார் இருந்தாங்கன்னு முதல்ல எழுது நெரெய்தா. “டாமினோ மேசையில் நால்வர். நான் வாசலைப் பார்த்து. என் கூட்டாளி நீ, லிசார்தோ, எனக்கு எதிரே. ஃபெர்மின் ஜன்னலோரம். செயோ சுவரோரம்.”

— மன்னிப்புக் கடுதாசி கிழவா இது, போலீஸ் ரிப்போர்ட் இல்ல.

— துப்பறியும் கதை எழுதின ஆளு நான். வரிசையாச் சொன்னாத்தான் வரும். “மேசைக்கடியில், நீ திருட்டுத்தனமாக வெட்டிய பசுவின் கறி, நாலு பொட்டலம்.”

— அரசாங்கத்துக்குத் தெரியாம வெட்டின ஒரு பசுவுக்கு ஒன்பது வருஷம் ஜெயில். அவன்கூட உள்ள இருந்த கொலைகாரனே முன்னாடி வெளிய வந்துட்டான்.

— கிளறாதேடி, எழுது. “அதையே நான் கதையாக்கினேன். பெயரை மாற்றினேன். உன் நொண்டி நடையை மாற்ற மறந்தேன். பத்திரிகை வந்த நாலாம் நாள் உன்னைக் கொண்டுபோனார்கள்.”

— மெதுவா. பேனா மக்கர் பண்ணுது.

— ஹவானாவுல நம்ம தெருவே என்னைக் காறித் துப்புச்சு. இருபது வருஷத்துல ஒரு கதை எழுதியிருப்பேனா?

— எழுதல.

— “லிசார்தோ, என் பார்வை முழுக்கப் போவதற்குள்…” வேண்டாம், அடிச்சிடு. கண்ணைக் காட்டிப் பிச்சை கேக்கற மாதிரி இருக்கு. “மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை போடு.” அவ்வளவுதான். கையைப் பிடி, கையெழுத்துப் போடறேன்.

— நெரெய்தா அக்கா! விமானத்துக்கு நேரமாச்சு!

— இதோ துல்சே! மாடியிலேருந்தே கடுதாசியைக் கூடையில இறக்கறேன், நில்லு!

— ஒட்டிட்டியா? ஒருதரம் படிச்சுக் காட்டேன்.

— ஒட்டியாச்சு. துல்சே! மயாமியில லிசார்தோ கையிலயே குடுக்கணும், அவன் பெண்டாட்டிகிட்ட இல்ல!

— எடுத்துக்கிட்டேன் அக்கா! வர்றேன்!

— போயிட்டாளா?

— கார் முக்கு திரும்பிடுச்சு.

— அப்பாடா. நெஞ்சுல இருந்த கல்லு இறங்கின மாதிரி இருக்கு. நீ ஏன்டி அழறே?

— ஆனிபால், உன் கையெழுத்துக்குக் கீழ நானும் எழுதியிருக்கேன்.

— என்னன்னு?

— எந்தப் போலீஸும் உன் கதையைப் படிக்கலன்னு. அந்தப் பசுக்கறி பத்தி யாரோ போட்ட மொட்டைக் கடுதாசியை வச்சுக்கிட்டு, நீ வேலைக்குப் போயிருந்த நேரம் அவங்க உன்னைப் பிடிக்கத்தான் வந்தாங்கன்னு. உன்னை விட்டுடச் சொல்லி, அவன் பேரை நான்தான் குடுத்தேன்னு.